சபாரத்தினம் ஏற்றிவிட்ட பாட்டு

சபாரத்தினம் யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், இருபத்தாறு வருஷம் காணிப் பகுதியில் கிளாக்காக இருந்தவர். அந்த இருபத்தாறு வருஷத்தில் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை என்பது அவருடைய பெருமை. பெருமை என்று சொல்வதுகூடக் குறைவு, அதுதான் அவருடைய சொத்து. வீடு, வளவு, சைக்கிள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தபோது அவர் முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தது அது ஒன்றைத்தான். யாரைச் சந்தித்தாலும் ஐந்து நிமிஷத்துக்குள் அதை எடுத்துக் காட்டிவிடுவார்.

1988ஆம் ஆண்டு அவருக்குத் தோர்ண்டன் ஹீத்தில் சவிரிமுத்துவின் ரெக்கோட் கடையில் வேலை. சவிரிமுத்து குருநகர்க்காரர், சபாரத்தினத்தைவிடப் பத்து வயது இளையவர். ஓய்வெடுக்கப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் கடையை வாங்கி, முன்பக்கத்தில் இங்கிலிஷ் பாட்டுத் தட்டுகளும் பின்பக்கத்தில் தமிழ்ப்பட வீடியோ கசெற்றுகளுமாக நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய மனம் எப்போதும் பின்பக்கத்தில்தான். முன்பக்கம் சபாரத்தினத்தின் இராச்சியம். பாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தட்டுகளை நம்பர்ப்படி அடுக்கிவைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்தக் கடைக்கு ஒரு மெஷின் வந்தது. எந்தப் பாட்டு எவ்வளவு விற்கிறது என்று நாடு முழுவதும் கணக்கெடுக்கிற கம்பனி ஒன்று, சில நூறு கடைகளைத் தேர்ந்தெடுத்து அதை வைத்திருந்தது. ஒரு தட்டு விற்றால் அதன் நம்பரை மெஷினில் அடிக்க வேண்டும். கம்பனி அதை டெலிபோன் வயர் வழியாக உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். ஞாயிறு பின்னேரம் ரேடியோவில் நாற்பதிலிருந்து ஒன்றுவரை எண்ணிக்கொண்டு வருவார்களே, அந்த டொப் போர்ட்டி இப்படித்தான் பிறக்கிறது. ஒரு கடையில் ஒன்று விற்றால், மெஷின் இல்லாத மற்றக் கடைகளுக்கும் சேர்த்து அதைப் பல மடங்காகப் பெருக்கிவிடுவார்கள். இதையெல்லாம் சவிரிமுத்து சொல்லியிருக்க வேண்டும். அவருக்குப் பின்பக்கத்தில் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"விக்கிறதை இதில அடியுங்கோ அண்ணை," என்றார். அவ்வளவுதான்.

சபாரத்தினம் மெஷினின் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடன் ஒரு சிக்கல் வந்தது. பிள்ளையார் சுழி போடாமல் அவர் எதையும் தொடங்கியவரில்லை. காணி உறுதி என்றாலும் சரி, கடைக்குக் கொடுக்கிற சாமான் துண்டு என்றாலும் சரி, முதலில் சுழி. மெஷினில் சுழிக்கு இடமில்லை. சுழியைப்போல இருக்கிறதே என்று இரண்டாம் நம்பரை அடித்துப் பார்த்தார், மெஷின் கீச்சிட்டது. தட்டு நம்பரைத் தவிர வேறு எதையும் அது ஏற்றுக்கொள்ளாது. சபாரத்தினம் எழும்பிப் போய் அடுக்குகளைத் தேடினார். கடைசி வரிசையில் எல்.ஏ. 108 என்று ஒரு தட்டு அகப்பட்டது. நூற்றெட்டு, பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் அடிக்கிறோமே, அதே நூற்றெட்டு. இதைவிட என்ன வேண்டும்? அடித்தார். மெஷின் சமர்த்தாக வாங்கிக்கொண்டது.

அன்று தொட்டு ஒவ்வொரு வாடிக்கையாளரும் அவருக்கு ஒரு புதுத் தாள். முதலில் நூற்றெட்டு, பிறகு அந்த ஆள் வாங்கிய தட்டின் நம்பர். சுழியை யாராவது ஒரு வரியாகக் கணக்கில் சேர்ப்பார்களா? கச்சேரியில் அரசாங்க ஏஜண்டர்கூடச் சேர்த்ததில்லை. அதனால் அவர் மனதில் துளி சந்தேகம்கூட எழவில்லை.

அந்தத் தட்டின் உறையில் பெரிய தோடு போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் இசபெல், ஊர் வெனிசுவேலா. இங்கிலாந்தில் அவளை ஒரு குருவிக்கும் தெரியாது. பாட்டு ஸ்பானிஷில். அவளுடைய கம்பனியே அவளை முக்கால்வாசி கைகழுவிவிட்டிருந்த நேரம் அது.

ஐந்து வாரம் போனது. முதலில் எழுபத்தொன்றாம் இடத்தில் போய் ஒட்டிக்கொண்ட பாட்டு, பிறகு ஐம்பத்தெட்டுக்கு ஏறியது. ஏறுகிறதே என்று ரேடியோக்காரர்கள் போட்டார்கள். ரேடியோவில் கேட்டவர்கள் உண்மையாகவே கடைகளில் போய் வாங்கினார்கள். நாற்பத்தாறு. அதன்பிறகு முப்பத்தெட்டு. டொப் போர்ட்டிக்குள் இசபெல் வந்துவிட்டாள். சபாரத்தினம் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோ கேட்பதில்லை, அவர் அந்த நேரத்தில் உடுப்பு அயர்ன் பண்ணுவார்.

ஆறாவது வாரத் தொடக்கத்தில் அஞ்சலீனா வந்தாள். இசபெல்லின் பாட்டுக் கம்பனிக்காரி. கையில் ஒரு பெரிய பூங்கொத்து. பூவைச் சபாரத்தினத்தின் கையில் திணித்துவிட்டு, ஒரு தாளை விரித்து வைத்து ஆங்கிலத்தில் படபடவென்று பேசினாள்.

"நாட்டிலேயே இசபெல்லை அதிகம் விற்ற கடை உங்களுடையதுதான். நானூற்றுப் பதினான்கு. இந்த வட்டாரத்துக்கு என்ன பிடித்திருக்கிறது என்று எங்கள் ஆபீஸில் எல்லாரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

சபாரத்தினம் தாளைப் பார்த்தார். பிறகு அடுக்கைப் பார்த்தார். கடைக்கு வந்த தட்டு ஐந்து. அதில் மூன்று இன்னும் அங்கேதான் இருந்தன. அவருடைய மூளை கிளாக்கின் மூளை, கேட்காமலே கழித்துவிட்டது. விற்றது இரண்டு. மிச்சம் நானூற்றுப் பன்னிரண்டு சுழி.

பூங்கொத்தைக் கல்லாவில் வைத்துவிட்டார்.

"அடுத்த சனிக்கு அடுத்த சனிக்கிழமை இசபெல்லே இங்கே வருகிறாள். இங்கே நின்று கையெழுத்துப் போடப் போகிறாள். பெட்டி பெட்டியாகத் தட்டு அனுப்புகிறேன்," என்றாள் அஞ்சலீனா.

பின்பக்கத்திலிருந்து சவிரிமுத்து வந்தார். விஷயம் கேட்டார். ஒரு விநாடிதான் யோசித்தார்.

"எனக்கு முதலே தெரியும் அண்ணை," என்றார். "அந்தப் பிள்ளையின்ர குரலில ஒரு விசயம் இருக்கு. நான்தானே தட்டை எடுப்பிச்சனான்."

அன்றைக்கே அவர் தோர்ண்டன் ஹீத்திலிருந்து சட்டன்வரை டெலிபோன் போட்டு, இசபெல்லைத் தான்தான் கண்டுபிடித்ததாக அறிவித்துவிட்டார்.

சபாரத்தினம் பின்னேரம் வீட்டுக்குப் போய் மனைவி கனகாம்பிகையிடம் எல்லாவற்றையும் கொட்டினார். வேலை போனால் இன்னொன்று தேடலாம். ஆனால் நானூற்றுப் பன்னிரண்டு பொய் வரி! அதுவும் பிள்ளையாரை வைத்து! இருபத்தாறு வருஷம் கட்டிக்காத்தது ஐந்து வாரத்தில் போய்விட்டது என்று நினைக்க அவருக்கு அழுகையே வந்தது.

"சவிரிமுத்துவிட்டைச் சொல்லிப்போடுங்கோவன்," என்றாள் கனகாம்பிகை.

"எப்பிடிச் சொல்லுறது? அவர் ஊர் முழுக்கச் சொல்லியிட்டார். அந்தப் பிள்ளையும் வரப்போகுது. நான் பொய்க்கணக்கு அடிச்சனான் எண்டு என்ர வாயாலை சொல்ல ஏலாது."

கனகாம்பிகை ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். "அப்ப என்ன? விக்காமல் அடிச்சதை இப்ப வித்துப்போட்டு அடியாமல் விடுங்கோ. சரியாப் போயிடும்," என்று எரிச்சலோடு சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவள் சொன்னது பகிடி. சபாரத்தினம் அப்படியே பிடித்துக்கொண்டார். நானூற்றுப் பன்னிரண்டு தட்டை உண்மையாக விற்க வேண்டும். விற்றதை மெஷினில் அடிக்கக்கூடாது. கடைசித் தட்டு விற்றதும் கணக்கு நேராகிவிடும். ஒரு தட்டையும் சும்மா கொடுக்கக்கூடாது, சும்மா கொடுத்தால் அது விற்பனை இல்லை. ஒரு கொப்பி வாங்கினார். இனிச் சுழி மெஷினில் இல்லை, கொப்பியில்தான். முதல் பக்கத்தில் சுழி போட்டு 412 என்று எழுதினார்.

பெட்டிகள் வந்தன. ரேடியோவில் கேட்டுவிட்டு வந்த வெள்ளைக்காரர்களுக்கு எண்பத்து மூன்று போனது. ஒன்றையும் அவர் அடிக்கவில்லை. மிச்சத்தைத் தமிழரிடம்தான் தள்ள வேண்டியிருந்தது.

தமிழரிடம் ஸ்பானிஷ் பாட்டு விற்பது லேசான வேலையா? சட்டனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் பெட்டியோடு நின்றார். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தகப்பன்மார் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"அண்ணை, எங்கட வீட்டில ரெக்கோட் பிளேயர் இல்லை."

"வாங்கி வையும். பிளேயர் பிறகு வரும்."

"சும்மா எண்டால் தாங்கோ."

"சும்மா தர ஏலாது."

சும்மா தரமாட்டேன் என்றதும்தான் எல்லாருக்கும் சந்தேகம் வந்தது. இரண்டு மணித்தியாலத்தில் நாலு தட்டுத்தான் போனது. சபாரத்தினம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹரோவுக்கு ரயில் ஏறினார். அங்கே பத்ரிநாராயணன் என்று ஒரு டாக்டர் இருந்தார். தமிழ்நாட்டுக்காரர், தமிழ்ச் சங்கத்தில் காரியதரிசி. வீடியோ எடுக்க எப்போதாவது கடைக்கு வருகிறவர். அவர் உறையிலிருந்த தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஸ்பானிஷ்ங்கிறீங்க. உங்களுக்கும் ஸ்பானிஷ் தெரியாது, எனக்கும் தெரியாது. எதுக்கு சார் இவ்வளவு கஷ்டப்பட்டு விக்கறீங்க?"

சபாரத்தினத்துக்குப் பொய் வராது. யோசித்துப் பார்த்து, உண்மைக்கு மிகக் கிட்டவாக இருந்த ஒன்றைச் சொன்னார்.

"பிள்ளையாருக்கு ஒரு கடன் இருக்கு டொக்டர். நானூற்றுப் பன்னிரண்டு தட்டு வித்து முடிக்க வேணும்."

"ஓ, நேர்த்திக்கடனா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" டாக்டர் எழுந்து உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார். "பத்து கொடுங்க. மத்தவங்ககிட்டயும் சொல்றேன்."

அன்றோடு கதை மாறியது. சபாரத்தினத்தாருக்கு நேர்த்தியாம், பிள்ளையாருக்காம் என்ற செய்தி அவர் ரயிலேறி வீட்டுக்கு வருவதற்கு முன்பே தோர்ண்டன் ஹீத்துக்கு வந்துவிட்டது. பிளேயர் இல்லை என்று சொன்ன தகப்பன்மார் தேடி வந்து வாங்கினார்கள். ஒருவருடைய நேர்த்தியைத் தடுத்த பாவம் யாருக்கு வேண்டும்? கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் எழுபத்து நாலு போனது. கனகாம்பிகையோடு சீட்டுக் கட்டுகிற பெண்கள் ஐம்பத்திரண்டு எடுத்தார்கள். வாங்கியவர்கள் அதைச் சும்மா வைக்கவில்லை. நேர்த்திப் பொருளல்லவா, சாமியறையில் வைத்தார்கள். இசபெல்லின் நெற்றியில் சந்தனம் ஏறியது.

சனிக்கிழமை விடிந்தபோது கொப்பியில் மிச்சம் தொண்ணூற்றேழு.

பதினொரு மணிக்கு இசபெல் காரில் வந்து இறங்கினாள். படத்தில் இருந்ததைவிடக் கட்டை, தோடு மட்டும் அதே தோடு. வீதியில் இருநூறு பேர் நின்றார்கள், பாதிப்பேர் பட்டுச் சேலையில். சவிரிமுத்து கோட்டும் சூட்டுமாக மாலை போட்டார். ஒரு பாடகிக்கு இது என்ன வரவேற்பு என்று அஞ்சலீனா வாயைப் பிளந்தபடி நின்றாள். இசபெல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடத் தொடங்கினாள். முதல் தட்டு நீட்டப்பட்டது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும். இரண்டாவதிலும் அப்படியே. ஆறாவது தட்டில் சாம்பிராணி வாசமும் வந்தது. தட்டை நீட்டிய பெண் கையெழுத்து வாங்கியபின் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இசபெல் பேனாவை வைத்துவிட்டு எழும்பினாள். கல்லாவுக்குப் பின்னால் நின்ற சபாரத்தினத்தின் சட்டைக் கையைப் பிடித்து வீடியோக் கசெற்றுகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனாள்.

"உண்மையைச் சொல்லுங்கள். இவர்கள் என்னை யார் என்று நினைக்கிறார்கள்?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சபாரத்தினத்தால் அடக்க முடியவில்லை. தன்னுடைய கச்சேரி ஆங்கிலத்தில் ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் சொன்னார். நூற்றெட்டு, சுழி, கொப்பி, தொண்ணூற்றேழு. சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார். தண்டனையைக் கேட்டு வாங்க வந்தவர்போல நின்றார்.

"அந்தப் பாட்டு எதைப் பற்றியது தெரியுமா?" என்றாள் இசபெல். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொன்ன ஒருத்தன் வரவில்லை. சமைத்தவளுக்குக் கோபம். அவ்வளவுதான். இதை நானூறு தடவை கடவுளுக்கு வைத்திருக்கிறீர்களா?"

"நானூற்றுப் பன்னிரண்டு."

அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் கம்பனி தனக்கு ஊருக்கு டிக்கட் போட்டுக் கையில் தந்ததாகச் சொன்னாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தொண்ணூற்றேழு என்றா சொன்னீர்கள்? வாருங்கள்," என்றாள்.

வந்து ஒரு ஸ்டூலில் ஏறி நின்றாள். சந்தைக்காரியின் மகளாம் அவள், ஊரில் தாய்க்கு மீன் கடை. கொண்டுவந்த பழைய தட்டில் இனிக் கையெழுத்துக் கிடையாது, புதுத் தட்டுக்குத்தான் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். சனம் முணுமுணுத்தது, ஆனால் பஸ் ஏறி வந்துவிட்டுச் சும்மா போக மனம் வருமா? ஒன்றேகால் மணிக்கு ஹரோ டாக்டரின் கையில் கடைசித் தட்டு போனது. சபாரத்தினம் கொப்பியில் கோடு கிழித்தார். மெஷினைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்குப் போய், ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார்.

பின்னேரம் கடை பூட்ட வந்த சவிரிமுத்து மெஷினைப் பார்த்தார். அன்றைக்கு ஒரு நூற்றெட்டும் அடிபடவில்லை. 'பாவம் அண்ணை, சனத்துக்குள்ள மறந்துபோனார்' என்று மனமிரங்கினார். அன்றைக்கு வெறுமையான பெட்டிகளை எண்ணிக் கணக்குப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொண்ணூற்றேழு தடவை அடித்துவிட்டு, விரல் நோகிறதென்று சொடக்கு எடுத்தார்.

திங்கட்கிழமை அவரே பெருமையோடு இதைச் சொன்னபோது சபாரத்தினம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"என்ன அண்ணை, முகம் வெளிறிப்போச்சு?"

"ஒண்டுமில்லை தம்பி. தொண்ணூற்றேழோ? வடிவா எண்ணினனீரோ?"

"வடிவா எண்ணினனான்."

அன்றைக்குச் சபாரத்தினம் கொப்பியைத் திறந்து, கிழித்த கோட்டின் கீழே 97 என்று எழுதினார். இனி எந்தத் தமிழனிடம் போவது? சாமியறை இல்லாத வீடுகள்தான் மிச்சம்.

வியாழக்கிழமை கணக்கெடுக்கிற கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. சவிரிமுத்து இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சபாரத்தினத்திடம் நீட்டினார். முதல் ஐந்து வாரமும் உங்கள் கடையில் இந்தப் பாடல் சீராகவும் இயல்பாகவும் விற்றிருக்கிறது, அதில் எங்களுக்குக் குறையில்லை என்று எழுதியிருந்தார்கள். ஆனால் சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கும் ஆறுக்கும் இடையில் தொண்ணூற்றேழு தட்டு விற்றதாக வந்திருப்பது நம்பத்தக்கதாக இல்லை. ஆகையால் அந்தத் தொண்ணூற்றேழும் நீக்கப்படுகிறது. மெஷின் திரும்பப் பெறப்படும்.

சபாரத்தினம் கொப்பியை எடுத்தார். தொண்ணூற்றேழு போனால் பூச்சியம். உலகத்திலே அவர் பார்த்த கடிதங்களில் இதைப்போல அழகான கடிதம் இல்லை.

"அநியாயம் அண்ணை," என்றார் சவிரிமுத்து. "எங்கட கண்ணுக்கு முன்னால வித்தது. இருநூறு பேர் சாட்சி. நீங்கள்தான் நல்லா இங்கிலிஷ் எழுதுவியள். ஒரு அப்பீல் எழுதுங்கோ. நாங்கள் ஒருநாளும் பொய் அடிக்கேல்லை எண்டு எழுதுங்கோ."

பேனாவையும் தாளையும் அவரே கொண்டுவந்து வைத்தார். சபாரத்தினம் பேனாவை எடுத்தார். சுழி போட்டார். அடுத்த வரிக்குக் கை போகவில்லை.

"தம்பி, நான் அதை எழுத ஏலாது," என்றார். பிறகு, பின்பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எல்லாவற்றையும் சொன்னார்.

சவிரிமுத்து திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மெல்ல நடந்து போய் 108 இருந்த வரிசையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் கண்டுபிடிக்கேல்லையோ?" என்றார் கடைசியில்.

"அதில கனக்கப் பிழையில்லை," என்றார் சபாரத்தினம். "தட்டை எடுப்பிச்சது நீர்தானே."

சவிரிமுத்து அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "மெஷின் போனால் போகட்டும் அண்ணை. இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. நான் சட்டன் ஆக்களுக்கு என்னெண்டு முகத்தைக் காட்டுறது?"

மெஷின் போனது, சபாரத்தினத்தின் வேலை போகவில்லை. அடுத்த வருஷம் தை மாதம் இசபெல்லின் இரண்டாவது பாட்டு வந்தது. அது நாற்பதில் தொடங்கி, தோர்ண்டன் ஹீத்தின் தயவு இல்லாமலே, நாலாவது வாரம் ஒன்பதாம் இடத்துக்கு ஏறியது. அதையும் தான் முன்பே கணித்ததாகச் சவிரிமுத்து சொல்லிக்கொண்டு திரிந்தார். சபாரத்தினம் உடுப்பு அயர்ன் பண்ணியபடி ரேடியோவில் அதைக் கேட்டார். பாட்டு அவருக்கு உண்மையாகவே பிடித்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் பஸ் ஏறிக் குரோய்டனுக்குப் போனார். அங்கே மெஷின் இருக்கிற ஒரு பெரிய கடையில் வரிசையில் நின்று, தன் கைக்காசில் ஒரு தட்டு வாங்கினார். கல்லாவில் இருந்த பெட்டை நம்பரை அடித்துவிட்டுத் தட்டைப் பையில் போட்டுக் கொடுத்தாள். சபாரத்தினம் நகரவில்லை. எக்கி நின்று மெஷினை எட்டிப் பார்த்தார்.

"எத்தனை தரம் அடித்தீர்கள், பிள்ளை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு தரம்," என்றாள் அவள்.

"நன்றி," என்று சொல்லிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு சபாரத்தினம் வெளியே வந்தார்.